பிஸ்கட் டப்பா மூடி

"அதைக் கார்லயே வச்சிட்டு வான்னு சொன்னேன்—"

"மூடி இல்லாம கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போனது உங்க பொண்ணு. நான் எதுக்குக் கார்ல வைக்கணும்—"

"இவ்ளோ பெரிய ஹோட்டலுக்கு எவளாவது கைப்பையில டப்பா மூடியை—"

"கைப்பை என்னோடது. மூடி உங்க அப்பாவோடது. இதுல உங்களுக்குன்னு இருக்கிறது உங்க வாய் மட்டும்தான். அதை இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் பத்திரமா வச்சுக்கோங்க, போதும்."

எனோகாவும் அவன் மனைவி ஹவுனானியும் இந்தச் சண்டையைக் கலீஹியில் தங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து, ஹொனலூலுவின் சாயங்கால நெரிசலில் சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தி வளர்த்து, ககாக்கோ வரைக்கும் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு அதே தெருவை மூன்று தடவை சுற்றினார்கள். உணவகத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேட வேண்டியவர்கள் தேடிக் கண்டடைவார்கள் என்பது அதன் கொள்கை. கண்டடையாதவர்களைப் பற்றி அது கவலைப்படுவதில்லை.

"ஏய், இது நம்ம வாலஸ் யமாஷிடாவோட பட்டறைடி!" என்றான் எனோகா. "இதே இரும்பு ஷட்டருக்குப் பின்னாலதான் பதினோரு வருஷம் டிங்கர் வேலை பார்த்தேன். எத்தனை காருக்கு இங்க படுத்து ஒடுக்கு எடுத்திருப்பேன்!"

"சந்தோஷம். அதையும் உள்ள போய்ச் சொல்லாதீங்க."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மகள் கவேனா இங்கே பரிமாறும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமும் தற்காலிகம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஒவ்வொரு பணியாளரும் தன் வீட்டு முன்னோரின் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதையை விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று 'முன்னோர் மாலை' என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் மூத்தவர் சபை நடுவே அந்தக் கதையைக் கேட்டு, 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனோகாவுக்கு இன்றைய விருந்து.

"அவ சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில ரெடியா இருக்கு," என்றாள் ஹவுனானி, குரலை இறக்கி. "நான் பார்த்தேன். இந்த வேலையும் போச்சுன்னா உங்க தங்கச்சி பிள்ளைங்க மாதிரி இவளும் லாஸ் வேகஸுக்குப் போயிடுவா. நம்ம தெருவுல பாதி அங்கதான் இருக்கு. அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன்ல முகத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருங்க."

எனோகா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

வாசலில் நின்றவர் பெயர் பிரெஸ்டன். பதவி, அலோஹா இயக்குநர், அதாவது அன்பான வரவேற்புக்குப் பொறுப்பாளர். ஒஹாயோவிலிருந்து வந்து பதினாலு மாதம் ஆகிறது. வெள்ளை லினன் உடுப்பு, வெறுங்கால், நெஞ்சில் வைத்த கை.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி!"

அவருக்கு எனோகாவைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரர்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பணியாளர் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்போம். உங்க மனசுக்குள்ள இருக்கிற தீவு எது, அங்கிள்?"

எனோகா யோசித்தான். "கலீஹி."

"அது தீவு இல்லையே. இங்கேருந்து பத்து நிமிஷம்."

"மழை பேஞ்சா தீவுதான்," என்றாள் ஹவுனானி. "சாக்கடை அடைச்சுக்கும்."

பிரெஸ்டன் சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். 'மழையில் பிறக்கும் தீவு' என்று எழுதி, கண்ணை மூடித் திறந்தார். பிறகு, அவர்களுடைய பகல் பொழுதைக் காலணியோடு வாசலிலேயே விட்டுவிடச் சொன்னார். இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த எனோகாவின் ரப்பர் செருப்பு, கறுப்பு வெல்வெட் தட்டில் ஏறி உள்ளே போயிற்று. அது அதுவரை போன இடங்களிலேயே உயர்ந்த இடம் அது.

மேசைக்குப் போகும் வழியில் தரையில் ஒரு கறுப்புக் கறை. அதன் மேல் கண்ணாடி போட்டு, கீழிருந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எரிமலைத் தாயோட கையெழுத்து," என்றார் பிரெஸ்டன் மெதுவாக. "கட்டடம் எடுத்தப்பவே இங்க இருந்தது. எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"கியர் ஆயில்," என்றான் எனோகா. "நான்தான் கொட்டினேன். வாலஸ் அன்னைக்கு என்னைத் திட்டின திட்டு—"

ஹவுனானி அவன் வெறுங்காலை மிதித்தாள்.

உட்கார்ந்ததும் கவேனா வந்தாள். காதோரம் பூ, கண்கள் தரையில், இரண்டு கையிலும் தாத்தாவின் அந்தக் கிண்ணம்.

"தூரத்திலிருந்து வந்த விருந்தினர்களே, இந்தக் கரை உங்களை வரவேற்கிறது."

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் ஹவுனானி.

கவேனாவின் உதடு லேசாக அசைந்தது. பிரெஸ்டன் குறுக்கே வந்தார். "ஆன்ட்டி, கதை நடக்கிற நேரத்துல அவங்க உங்க பொண்ணு இல்ல. அவங்க ஒரு குரல்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"எட்டு."

"சரி. எட்டு மணிக்கு மேல சாப்பிடச் சொல்லுங்க."

கிண்ணம் மேசை நடுவில் இறங்கியது. ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய மரக் கிண்ணம். விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல். அதை அடைத்திருந்த சாம்பல் நிறப் பூச்சு. உள்ளே, அடியில், பூனை நக்குகிற அளவுக்கு 'போயி'. சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் குழைத்த களி. இது இல்லாமல் எனோகாவின் வீட்டில் ஒரு நாளும் சாப்பாடு முடிந்ததில்லை.

வீட்டிலிருந்து தன்னைக் கேட்காமல் எடுத்துப் போன கிண்ணத்தைப் பார்த்ததும், இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்ட எனோகா வாயைத் திறந்தான். அப்போதுதான் கவனித்தான்: கிண்ணம் திறந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டான்.

போயிக் கிண்ணம் திறந்திருக்கும் மேசையில் சண்டை கூடாது. கடுஞ்சொல் கூடாது, குறை சொல்லக் கூடாது. சேப்பங்கிழங்குதான் இந்தத் தீவு மக்களுக்கு மூத்த அண்ணன். எல்லாருக்கும் முன்னால் பிறந்து, பிறந்தபோதே இறந்து, மண்ணில் புதைத்த இடத்தில் கிழங்காக முளைத்தவன். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தம்பி கத்துவதா? சண்டை போட்டே தீர வேண்டும் என்றால் முதலில் கிண்ணத்தை மூட வேண்டும். எனோகாவின் வீட்டில் அந்த மூடி, பழைய பிஸ்கட் டப்பாவின் தகர மூடி. கிண்ணத்தின் சொந்த மூடி எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நடுவில் ஹவுனானி அதை எடுத்து 'டங்' என்று கவிழ்த்தால், பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள். நாய் அவர்களுக்கு முன்னால் போயிருக்கும்.

"அந்த மூடியைக் குடு," என்றான் எனோகா, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே.

"மாட்டேன்," என்றாள் ஹவுனானி, அவளும் சிரித்துக்கொண்டே.

"பின்ன எதுக்குடி தூக்கிட்டு வந்த?"

"கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டு போறப்ப மூடறதுக்கு. அதுவரைக்கும் அண்ணன் பார்த்துட்டு இருக்கட்டும்." கைப்பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். அன்று முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சுற்றிலும் எல்லா மேசையிலும் சின்னதாக ஒரு கிண்ணம் திறந்தபடி இருந்தது.

"திறந்த மனசுதான் எங்க முதல் கொள்கை," என்றார் பிரெஸ்டன். "கிண்ணத்தை மூடவே கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்கோம். ஒரு அதிசயம் சொல்லட்டுமா, அங்கிள்? இந்தக் கிண்ணம் வைக்க ஆரம்பிச்சதிலேருந்து உள்ளூர்க்காரங்க ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை. ஒரே ஒரு குறைகூட இல்ல! சிகாகோவிலேருந்து வர்றவங்க சத்தம் போடறாங்க. உங்க ஆளுங்க சிரிச்சுட்டே போறாங்க. அதுக்குப் பேர்தான் அலோஹான்னு எங்க முதலாளிகளுக்கு அறிக்கை அனுப்பியிருக்கேன்."

பக்கத்து மேசையில் பெரிய பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு கிழவர், வைமானலோ பக்கத்து ஆள் போலிருந்தார், தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு கூழாங்கல். அவர் தலையைத் தூக்கி எனோகாவைப் பார்த்தார். எனோகா அவரைப் பார்த்தான்.

"என்ன அழகான கல்லு," என்றார் கிழவர்.

"ஆமா," என்றான் எனோகா. "உருண்டையா இருக்கு."

முதல் பதார்த்தம் அதுதான். 'கடல் மறந்துபோன சொல்' என்று பெயர். கல்லின் மேல் ஒரு நுரை. நாக்கை நீட்டி எடுக்க வேண்டும். கரண்டி பட்டால் கடலுக்கு வலிக்கும். எனோகா நாக்கை நீட்டினான். நுரை அதற்குள் போய்விட்டிருந்தது.

"எப்படி இருந்தது அங்கிள்?"

எனோகா கிண்ணத்தைப் பார்த்தான். "நான் இதுவரைக்கும் சாப்பிட்டதிலேயே... வயித்துக்குத் தொந்தரவே குடுக்காத சாப்பாடு."

பிரெஸ்டன் எழுதிக்கொண்டு, இன்னொரு கல் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டாவதாகக் கலீஹியில் தெருமுனைக்குத் தெருமுனை விற்கும் மத்தியானச் சாப்பாடு வந்தது. இரண்டு அகப்பை சோறு, மக்ரோனி சாலட், வறுத்த டப்பா இறைச்சி. அதைத்தான் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். ஒரு நீளமான தட்டில் ஏழு சோற்றுப் பருக்கை ஒன்றோடொன்று முகம் கொடுக்காமல் நின்றன. மறு ஓரத்தில் ஒரே ஒரு மக்ரோனி. நடுவில் ரோஜா இதழ்போலச் சீவிய இறைச்சி.

"இது உங்க மக்களோட பசியைப் பத்தின ஒரு சிந்தனை," என்றார் பிரெஸ்டன்.

"ரொம்ப நல்லா சிந்திச்சிருக்கீங்க," என்றாள் ஹவுனானி. "எனக்கு உடனே பசிக்குது."

"நன்றி ஆன்ட்டி!"

மூன்றாவது, மண்ணடுப்பில் பன்னிரண்டு மணி நேரம் வெந்த பன்றி. வெள்ளிக் குடுவையைக் கவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். தூக்கியதும் புகை வந்தது. புகை போன பிறகு தட்டு வந்தது. தட்டில் வேறு எதுவும் இல்லை.

எனோகா தட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். "பன்னி?"

"பன்னி ஒரு கருத்து, அங்கிள்."

"வெந்தது?"

"வெந்தது. அதுகிட்டேருந்து நாங்க எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்கிட்டோம்."

"மிச்சம் எங்க?"

"சமையல்காரங்க சாப்பிட்டுட்டாங்க."

பக்கத்து மேசைக் கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "என்ன வாசனை! என்ன வாசனை!" என்றார். அவர் மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கவேனாவும் இப்படித்தான் சாப்பிடறாளா?" என்று ஹவுனானி கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"ஆன்ட்டி, நீங்க கவலையே படாதீங்க. இங்க நாங்கதான் அவளோட குடும்பம். வேலைக்காரங்கங்கிற வார்த்தையே இங்க கிடையாது. எல்லாரும் ஓஹானா. அதனாலதான் லீவு, ஓவர்டைம் மாதிரி வார்த்தைங்களும் இங்க இல்ல. குடும்பத்துக்குள்ள அதெல்லாம் நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது," என்றாள் ஹவுனானி. அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அப்ப அவ துணியையும் நீங்களே துவைச்சிடுங்க."

பிரெஸ்டன் இதையும் எழுதிக்கொண்டார்.

ஏழே முக்காலுக்கு விளக்குகளைக் குறைத்தார்கள். சங்கு ஒன்று ஒலித்தது, ஒலிபெருக்கியிலிருந்து. பிரெஸ்டன் சபை நடுவே வந்து நின்றார்.

"நண்பர்களே, மத்த இடங்கள்ல சாப்பாடு போடறாங்க. நாங்க வேரைப் பரிமாறறோம். எங்க கதைக்குழுவுல நாலு பேர் இருக்காங்க. அதுல மூணு பேர் இந்தத் தீவுக்கு வந்தே இருக்காங்க. ஒவ்வொரு கதையையும் உண்மையா இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப எழுதறாங்க. இன்னைக்கு இந்தக் கிண்ணத்தோட கதை. இதைச் சொல்லப் போற குரலோட அப்பா இங்கயே உட்கார்ந்திருக்கார். முடிவுல அவர் வாயாலயே ஆமான்னு கேட்போம்."

கைதட்டினார்கள். கவேனா கிண்ணத்தின் பின்னால் வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"என் டூட்டூ, என் தாத்தா ஏசகியேல், நூறு படகுகளின் தலைவர்," என்று ஆரம்பித்தாள்.

எனோகாவின் கையிலிருந்த துடைப்புத் துணி கீழே விழுந்தது.

"நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அழைப்பார். அவர் கூப்பிட்டால் சுறா வரும். ஒரு நாள் புயல் அவருடைய படகைப் பிளந்தபோது, கடல் அவருக்கு இந்தக் கிண்ணத்தைத் தந்தது. கரைக்கு வந்தபோது இதில் ஒரு விரிசல். மலையிலிருந்து ஒரு பூசாரி இறங்கி வந்து, பௌர்ணமி வெளிச்சத்தில், ஈரப்பலா மரத்தின் புனிதப் பாலால் இதை அடைத்தார். அந்தத் தழும்பு இன்னும்..." அவள் குரல் ஒரு கணம் தடுக்கியது. "இன்னும் சூடாக இருக்கும் என்பார்கள்."

சிகாகோப் பெண்மணி ஒருத்தி எழுந்து வந்து தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருப்பதாகச் சொன்னாள். அழுதாள்.

எனோகாவின் அப்பா ஏசகியேல் முப்பத்தொரு வருஷம் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டினார். நீந்தத் தெரியாது. கஹாலாவில் பெரிய வீடொன்றின் குப்பைத் தொட்டிக்கு வெளியே இந்தக் கிண்ணம் உடைந்து கிடந்தது. அண்ணன் உட்கார வேண்டியதை இப்படித் தெருவில் போடுவார்களா என்று லாரியில் தன் பக்கத்து இருக்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பூசாரியாக இருந்தது எனோகா. அப்போது வயது பதினைந்து, வாலஸ் யமாஷிடாவிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்து ஒரு வாரம். பௌர்ணமியும் இல்லை, சனிக்கிழமை மத்தியானம். காருக்குப் போடும் பட்டியைக் குழைத்து அடைத்து, நாலு நாள் தேய்த்தான். அவன் வாழ்க்கையில் அடைத்த முதல் விரிசல் அது. அப்பா அதைத் தடவிப் பார்த்து, "தண்ணி ஊத்திப் பாரு," என்றார். ஊற்றினார்கள். ஒழுகவில்லை. அதற்கு மேல் அவர் பாராட்டியதில்லை. அதுவே போதுமாக இருந்தது.

"அங்கிள்," என்றார் பிரெஸ்டன், ஒலிவாங்கியை நீட்டி. "ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை."

எனோகா கிண்ணத்தைப் பார்த்தான். திறந்திருந்தது. இல்லை என்று சொன்னால் சண்டை. ஆமாம் என்று சொன்னால் பொய், கேட்டுக்கொண்டிருப்பவன் அண்ணன்.

"நல்லா சொன்னா," என்றான். "என் பொண்ணுக்கு நல்ல குரல்."

"கதை உண்மைதானே, அங்கிள்?"

"காதுல வச்ச பூவும் நல்லா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பிரெஸ்டன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். புன்னகை அப்படியே இருந்தது. அவர் கிசுகிசுத்தது அந்த மேசையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

"அங்கிள், கவேனா முதல்ல எழுதிக் குடுத்த கதையை நான் படிச்சேன். குப்பை லாரி. கார் பட்டி. எல்லாம் படிச்சேன். மனசைத் தொட்டுச்சு. ஆனா குப்பைன்னு சொன்னா இங்க யார் சாப்பிடுவா? உங்க அப்பாவை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் அவரைக் கொஞ்சம் திருத்தியிருக்கோம். அவ ரெண்டு வாரம் அடம் பிடிச்சா. அப்புறம் வேலை வேணும்னு ஒத்துக்கிட்டா. ஒரு வார்த்தைதான். நாளைக்கே கையெழுத்து."

எனோகா மகளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இப்போது தரையைப் பார்க்கவில்லை.

ஹவுனானியின் கால் கைப்பையின் மேல் அழுந்தியது. கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேஸ் அவள் கண் முன்னால் வந்து நின்றது. "சொல்லிடுங்களேன்," என்று அவள் வாய் அசைந்தது.

கவேனா மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று அந்த மேசையில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேண்டாம்டி," என்றாள் ஹவுனானி.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

ஹவுனானி குனிந்தாள். கைப்பைக்குள் வெகு நேரம் தேடினாள். அதில் அந்த மூடியைத் தவிரப் பெரிதாக வேறு எதுவும் இல்லை. பிறகு எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

டங்.

பிஸ்கட் டப்பா மூடி, துருப்பிடித்த விளிம்போடு, நூறு படகுத் தலைவரின் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தது. கச்சிதமாகப் பொருந்தியது.

பக்கத்து மேசைக் கிழவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். மூடியைப் பார்த்தார். பிறகு தன் கூழாங்கல் வந்த தட்டைத் தூக்கி, நிதானமாகத் தன் சின்னக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவருக்கு அப்பால் ஒரு மேசையில் ஒரு தட்டு கவிழ்ந்தது. ஜன்னலோரத்தில் இன்னொன்று.

"ஓ," என்றார் பிரெஸ்டன், முகமெல்லாம் மலர்ந்து, குறிப்பேட்டைப் பிரித்துக்கொண்டே. "இது என்ன சடங்கு? இதை ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்ல?"

கவேனா காதோரத்துப் பூவை எடுத்து மூடியின் பக்கத்தில் வைத்தாள். பிரெஸ்டனின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி எனோகாவின் முன்னால் வைத்தாள்.

"மூடியாச்சுப்பா. இப்ப பேசுங்க."